கூட்டாளி ஏன் வரவில்லை?

போரைக் கண்ணால் கண்ட பெண்களுக்கான சஞ்சிகையில் கணினிப் போர் விளையாட்டைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேண்டாத வேலையாகத் தோன்றலாம். நாங்கள் பட்டதெல்லாம் போதாதா, அதை இனிப் பிள்ளைகளின் விளையாட்டிலும் பார்க்க வேண்டுமா என்று கேட்கும் சகோதரிகள் இருப்பீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் எங்கள் வீடுகளில் வளரும் பிள்ளைகள் அந்த விளையாட்டுகளை எங்களிடம் கேட்டுக்கொண்டு விளையாடுவதில்லை. கைத்தொலைபேசியிலும் மடிக்கணினியிலும் அவை எப்படியோ வீட்டுக்குள் வந்து விடுகின்றன. வந்த பின்னர் வாசலில் நின்று ஏசுவதை விட, பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து பார்ப்பது மேல் என்பது என் எண்ணம். அப்படிப் பார்த்ததில் நான் கண்ட ஒரு விடயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அது சண்டையைப் பற்றியதல்ல, சண்டையில் துணை நிற்க வேண்டியவனைப் பற்றியது.

எங்கள் வீட்டுக்கு மடிக்கணினி வந்தது 2022 ஆம் ஆண்டின் கடைசியில். பிரான்சில் இருக்கும் அக்காவின் மகன் புதிது வாங்கியபோது தன் பழையதை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினான். மகனுக்குப் பாடசாலையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் ஒரு பாடம். எனவே தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மேசை போட்டு அதில் வைத்தோம். படிப்புக்கென்று வந்த கணினியில் படிப்பு பாதி, விளையாட்டு பாதி என்றுதான் நாட்கள் போயின. அண்ணாக்காரன் அதற்குள்ளேயே ஒரு விளையாட்டையும் போட்டு அனுப்பியிருந்தான். அதன் பெயர் ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’.

இந்த விளையாட்டு புதியதல்ல. அமெரிக்காவில் என்செம்பிள் ஸ்ரூடியோஸ் என்ற நிறுவனம் செய்து, மைக்ரோசொஃப்ட் 1999 இல் வெளியிட்டது. 2019 இல் படங்களையெல்லாம் மெருகேற்றிப் புதிய பதிப்பாக வெளியிட்டார்கள். அமெரிக்கத் தரப்படுத்தலின்படி இது 13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கானது. தொடங்கும்போது உங்களிடம் ஒரு நகர மண்டபமும் சில ஊர்ச்சனமும் குதிரையில் ஒரு வேவுகாரனும் இருப்பார்கள். சனத்தை அனுப்பி உணவு தேட வேண்டும், மரம் தறிக்க வேண்டும், பொன்னும் கல்லும் எடுக்க வேண்டும். ஒரு ஆளைக் கூட்டுவதற்கு 50 உணவு வேண்டும். இருண்ட காலத்திலிருந்து அடுத்த காலத்துக்குப் போக 500 உணவு வேண்டும். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்த்து வீடு கட்டி, வயல் செய்து, சந்தை வைத்து, பிறகுதான் படை. முதற் பாதி முழுவதும் குடும்பம் நடத்துகிற கணக்குத்தான். எது முதலில், எதை நாளைக்கு விடலாம் என்று யோசிக்கும் வேலை. அது எங்களுக்குப் புதிதா?

நான் திரும்பிப் பார்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தைத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், கணினியிலிருந்து தமிழில் ஒரு குரல் கேட்டது. 2022 இல் இந்த விளையாட்டில் ‘திராவிடர்’ என்று ஒரு நாகரிகத்தைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் இராசேந்திர சோழனின் கதையும் இருக்கிறது, சுருள் வாளான உறுமி பிடித்த வீரர்களும் இருக்கிறார்கள், திரிசடை என்று ஒரு பெரிய கப்பலும் இருக்கிறது. அந்த ஊர்ச்சனத்தைத் தொட்டால் தமிழில் பதில் சொல்லுகிறார்கள். எங்கோ தூர தேசத்தில் செய்த பொருள் எங்கள் குசினிக்குப் பக்கத்தில் நின்று தமிழ் கதைத்தது எனக்கு விநோதமாகவும் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. அன்றிலிருந்து வேலை இல்லாத நேரங்களில் பக்கத்தில் இருந்து பார்க்கத் தொடங்கினேன். சில மாதங்களில் நானும் விளையாடப் பழகிக் கொண்டேன்.

இந்த விளையாட்டைத் தனியே ஆடலாம், சோடி சேர்ந்தும் ஆடலாம். இரண்டு பேருக்கு இரண்டு பேர் என்று வைத்தால் எங்கள் பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். மனிதர் இல்லாவிட்டால் அந்த இடத்தைக் கணினியே நிரப்பும். எதிராளிகளும் கணினி, கூட்டாளியும் கணினி. மகனுக்கு எதிராளிகளோடு பெரிய கோபம் இல்லை. தோற்றால் தோற்றதுதான். அவனுடைய கோபமெல்லாம் கூட்டாளியோடுதான்.

“அம்மா, இவனுக்கு என்ன விசரோ? நான் இஞ்ச ரெண்டு பக்கத்தாலயும் அடி வாங்கிறன். அவன் அங்க மீன் பிடிச்சுக் கொண்டிருக்கிறான்.”

உண்மைதான். திரையின் மூலையில் உள்ள சின்ன வரைபடத்தில் பார்த்தால், கூட்டாளியின் படகுகள் அமைதியாக மீன் பிடித்துக் கொண்டிருந்தன. அவனுடைய குதிரைப்படை அவனுடைய மதிலுக்குள்ளேயே நின்றது. எங்கள் வீடுகள் எரிந்து முடிந்து, வந்தவர்கள் திரும்பிப் போன பின்னர்தான் அவன் புறப்பட்டான். அதுவும் எங்களிடம் அல்ல. எதிரியின் பெரிய கோட்டையைப் பார்த்து ஏழெட்டுப் பேரை அனுப்பினான். அவர்கள் விழுந்த பின் இன்னும் ஐந்து பேர். அவர்களும் விழுந்த பின் இன்னும் நாலு பேர். ஒன்றாக நின்று அனுப்பியிருந்தால் கோட்டையே விழுந்திருக்கும்.

நாங்கள் இருவரும் கவனித்ததில் கூட்டாளியிடம் இருந்த குறைகளை இப்படிச் சொல்லலாம். ஒன்று, நாங்கள் தயாராகும்வரை காத்திருக்க மாட்டான். தன் எண்ணிக்கை நிரம்பியவுடன் புறப்பட்டு விடுவான். இரண்டு, எங்கள் வாசலில் இருக்கும் பொன்னை அவனும் வந்து எடுப்பான். எங்கள் காட்டில் அவனும் மரம் தறிப்பான். அது எங்களுக்கு எவ்வளவு அவசியம் என்பது அவனுக்குத் தெரியாது. மூன்று, எங்களிடம் எல்லாம் முடிந்து போயிருக்கும் நேரத்தில் அவனுடைய களஞ்சியம் நிறைந்திருக்கும். கேட்காமல் ஒரு பிடி தர மாட்டான். நான்கு, தனக்கு இனி வழியில்லை என்று கணக்கு வந்தால் ஒரு வார்த்தை அறிவித்துவிட்டு விளையாட்டிலிருந்தே விலகி விடுவான். அதற்குப் பிறகு இருவருக்கும் நாங்கள் ஒருவர்.

சகோதரிகளே, வெறும் பொம்மைகளின் சண்டையைப் பற்றித்தான் இதைச் சொல்லுகிறேன். ஆனாலும் வாசிக்கும்போது உங்களில் சிலருக்கு நெஞ்சில் ஏதோ தட்டுப்படும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் தட்டியது. அதனால்தான் ‘இவன் ஏன் இப்படி?’ என்ற கேள்வியை நான் சும்மா விடவில்லை. மகனிடமும் அண்ணாக்காரனிடமும் கேட்டு, தேடி வாசித்து, விளங்கிக் கொண்டேன். விளங்கியதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, கூட்டாளி என்று தனியாக ஒருவரை யாரும் செய்யவில்லை. எதிரியாக ஆடுவதற்கென்று எழுதப்பட்ட அதே நிரல்தான் எங்கள் பக்கத்திலும் ஆடுகிறது. அதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான வித்தியாசம், ‘இன்ன நிறத்துக்காரரைத் தாக்காதே’ என்பதுதான். எதிரி தன் ஊரைப் பெருக்குவது போலவே அவனும் பெருக்குகிறான். எதிரி தன் எண்ணிக்கை நிரம்பியதும் புறப்படுவது போலவே அவனும் புறப்படுகிறான். எங்களை அடிக்காமல் இருப்பதுதான் அவனுக்குத் தெரிந்த நட்பு.

இரண்டாவது, அந்த நிரல் யோசிப்பதில்லை. அது விதிகளின் பட்டியல். ‘இன்னது இருந்தால் இன்னதைச் செய்’ என்று ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வைத்திருப்பார்கள். உணவு இவ்வளவு சேர்ந்ததா, அடுத்த காலத்துக்குப் போ. படை இவ்வளவு சேர்ந்ததா, தாக்கு. கணினி அந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்ப வாசித்து, பொருந்துகிற விதியை நடத்திக் கொண்டே இருக்கும். இந்த விளையாட்டில் அந்த விதிகளைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வைத்திருப்பதால் விரும்பியவர்கள் தாங்களே எழுதலாம். பல நாடுகளில் பொழுதுபோக்காக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எழுதியவர் நினைக்காத ஒன்று நடந்தால், அதற்கு விதி இல்லை. விதி இல்லாவிட்டால் மீன் பிடிக்க வேண்டியதுதான்.

மூன்றாவது, சொன்னால் கொஞ்சம் கேட்கும், ஆனால் சொல்ல வேண்டிய மொழியில் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் இலக்கங்களை எழுதி அனுப்பினால் அது ஒரு குரலாகப் போகும். 3 என்றால் உணவு தா. 4 மரம், 5 பொன், 6 கல். 31 என்றால் இப்போதே எதிரியைத் தாக்கு. 31 ஐ அனுப்பினால் கையில் இருக்கிற படையோடு புறப்படுவான். ஆனால் ‘இந்த வாசலால் வா, நான் அந்த வாசலால் வாறன்’ என்று சொல்ல இலக்கம் இல்லை. நாங்கள் ஏன் அழைக்கிறோம் என்பதும் அவனுக்குப் போகாது. மகன் கோபத்தில் 31, 31, 31 என்று அடித்துக் கொண்டிருந்த நாட்கள் உண்டு.

நான்காவது, உதவிக்கும் வரி உண்டு. ஒருவருக்கு ஒருவர் பொருள் அனுப்பச் சந்தை கட்டியிருக்க வேண்டும். ஆரம்பத்தில் நூற்றுக்கு முப்பது வீதம் கழிவு. 100 பொன் போய்ச் சேர 130 பொன் கொடுக்க வேண்டும். சில அறிவுகளை வாங்கினால் அது குறையும், கடைசியில் இல்லாமலும் போகும். பழைய பதிப்புகளில் கூட்டாளியின் கண்ணால் காண்பதற்கும் சந்தையில் வரைபடக் கலை என்ற அறிவைப் பொருள் கொடுத்துப் பெற வேண்டும். அதுவரை அவன் எங்கே நிற்கிறான், என்ன பாடுபடுகிறான் என்று எங்களுக்குத் தெரியாது. இதைச் செய்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, இந்த ஒன்றை நான் மெச்சினேன். ஒருவருக்கு உதவ வேண்டுமானால் முதலில் அவர் காண்பதை நாங்களும் காண வேண்டும்.

பிரான்சில் இருக்கும் பெறாமகன் விடுமுறை நாட்களில் தொலைபேசியில் கதைப்பான். இந்தக் கதையைச் சொன்னதும் சிரித்தான். “சின்னம்மா, உங்கட கூட்டாளி பரவாயில்லை. என்ரயள் என்னைப் பட்டினி போடுறாங்கள்” என்றான். அவன் ஆடுவது ‘ஹார்ட்ஸ் ஒஃப் அயன் 4’ என்று சுவீடனில் செய்த விளையாட்டு, 2016 இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர் பற்றியது. அதில் ஒவ்வொரு நிலத்துக்கும் இவ்வளவு சாமான்தான் போய்ச் சேரும் என்று கணக்கு இருக்கிறதாம். வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் இவன் தன் படைக்கு அளவாகச் சாமானைக் கணக்குப் பார்த்து வைத்திருப்பான். உதவி செய்கிறோம் என்று நேச நாடுகள் தங்கள் படைகளையெல்லாம் அதே இடத்தில் கொண்டு வந்து இறக்குவார்கள். இருக்கிற சாமானை எல்லோரும் பங்கு போட, ஒருவருக்கும் காணாமல் எல்லோருடைய படையும் சோர்ந்து போகும். இதை அவன் பகிடியாகத்தான் சொன்னான். செட்டிகுளத்து முகாமில் தண்ணீர்ப் பவுசருக்கு வரிசையில் நின்ற எனக்கு, ஆட்கள் கூடக் கூட வாளியில் தண்ணீர் குறைகிற கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைச் செய்கிறவர்களுக்கும் இந்தக் குறை தெரியாததல்ல. 2022 இல் வந்த ‘ரோட்டல் வோர்: வார்ஹம்மர் 3’ என்ற விளையாட்டில் கூட்டாளியின் படையைக் கேட்டு வாங்கி நடத்த ஒரு வழி வைத்திருக்கிறார்களாம். அதற்கு முதலில் அவரோடு உறவை வளர்த்துப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. கூட்டாளி மிகவும் கெட்டிக்காரனாக இருந்தால் ஆடுகிறவருக்கு வேலை இல்லாமற் போகும். அவனே போய் எல்லாவற்றையும் முடித்து விட்டால் வென்றது யார்? எதிரியைக் கெட்டிக்காரனாக்குவது ஒருவழி வேலை. நல்ல துணையை உருவாக்குவது அப்படியல்ல. அவன் வேண்டிய நேரம் வர வேண்டும், வேண்டாத நேரம் ஒதுங்க வேண்டும், எங்கள் மனதிலுள்ளதை அறிய வேண்டும். மனிதருக்கே கஷ்டமான காரியம்.

இது கணினியோடு வந்த கேள்வியுமல்ல. சதுரங்கத்தில் ஒருகாலத்தில் நாலு பேர் ஆடும் வகையும் இருந்தது. சுமார் 1030 ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிருனி, நாலு பேர் சுற்றியிருந்து பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தைக் குறிப்பிடுகிறார். இருவர் மட்டும் எதிரெதிரே இருந்தால் யார் எதிரி என்பது தெளிவு. நாலு பேர் என்றவுடன் யார் யாரோடு என்ற கேள்வியும் பலகைக்கு வந்து விடுகிறது.

எங்கள் ஊரில் இதற்கு நல்ல உதாரணம் 304. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கோயில் மண்டபத்திலும் செத்தவீட்டுப் பந்தலிலும் ஆண்கள் கூடியிருந்து விளையாடும் அதே கடதாசி விளையாட்டுத்தான். எனக்கு அதை அப்பா பழக்கினார். நாலாவது ஆள் இல்லாத நாட்களில் நான்தான் நாலாவது ஆள். 32 கடதாசி, ஆளுக்கு எட்டு. ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. ஒரு இனத்துக்கு 76 புள்ளி, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. அதுதான் பெயர். எதிரே இருப்பவர் சோடி, பக்கத்தில் இருப்பவர்கள் எதிராளிகள். கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைத்திருப்பார். அது என்ன இனம் என்று சோடிக்கும் சொல்லக் கூடாது. கண் காட்டக் கூடாது, செருமக் கூடாது. அப்படியிருந்தும் நல்ல சோடி கண்டுபிடித்து விடுவார். நீங்கள் எதை இறக்கினீர்கள், எதை இறக்காமல் வைத்திருக்கிறீர்கள், எந்த இடத்தில் ஒரு கணம் யோசித்தீர்கள் என்று பார்த்து, தன் கையிலுள்ள நல்ல கடதாசியை உங்கள் பிடியில் போடுவார். அப்பா ஒருநாள் சொன்னார்: “உன்ர கையைப் பாத்து விளையாடுறவன் பாதி ஆட்டக்காரன். சோடியின்ர கையை நினைச்சு விளையாடுறவன்தான் முழு ஆட்டக்காரன்.”

கணினிக் கூட்டாளிக்கு முடியாதது இதுதான். அவன் தன் கையை மட்டும் பார்க்கிறான்.

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன். மகன் பிறந்தது 2008 இல். 2009 ஏப்ரலில் அவனுடைய அப்பா இல்லாமற் போனார். அவனுக்கு அப்பாவின் முகம் படத்தில் கண்டதுதான். போரைப் பற்றி அவன் என்னிடம் அதிகம் கேட்டதில்லை. நானும் அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி வந்தேன். ஒருநாள் விளையாட்டில் தோற்றுப்போய், மேசையில் கையால் அடித்து, “வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஏன் வரேல்லை?” என்று கத்தினான். திரையைப் பார்த்துத்தான் கத்தினான். பிறகு மெல்லிய குரலில் என்னைப் பார்த்துக் கேட்டான்: “அம்மா, அந்த நேரம் எங்களுக்கும் ஒருத்தரும் வரேல்லைத்தானே?”

பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. வராதவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கும் நிறைய இருக்கிறது. வாசிக்கிற உங்கள் ஒவ்வொருவருக்கும் இருக்கும். ஆனால் வந்தவர்களும் இருந்தார்கள். அவனை அன்று நான் தூக்கிக் கொண்டு நடந்தபோது, பெயர் தெரியாத ஒரு அம்மா தன் கையிலிருந்த மா ரின்னிலிருந்து இரண்டு கரண்டி பால்மாவை ஒரு கடதாசியில் சுற்றித் தந்தார். அவருக்கும் பேரப்பிள்ளை இருந்தது. அவர் எந்த ஒப்பந்தத்திலும் எங்கள் பக்கத்தவர் இல்லை. நான் அவரிடம் கேட்கவும் இல்லை. பிள்ளை அழுத சத்தத்தைக் கேட்டார், என் கையைப் பார்த்தார், வெறும் கை என்று கண்டார். அவ்வளவுதான். இதை மகனுக்குச் சொன்னேன். பெரிய பெரிய பெயரோடு வருவோம் என்று இருந்தவர்களின் கணக்கு வேறு, பக்கத்தில் நின்றவர்களின் கணக்கு வேறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டு ‘ஒருத்தரும் வரேல்லை’ என்று சொன்னால் அந்த அம்மாவுக்கு நியாயமில்லை என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் பிறகு சாப்பிடும்போது, “அந்த அம்மா இப்ப எங்க இருப்பா?” என்று கேட்டான். எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

விதியால் வரும் துணையும் மனதால் வரும் துணையும் வேறு வேறு என்பதை எங்கள் ஊர்ப் பெண்கள் வேறொரு இடத்திலும் கண்டோம். 2016 இல் எங்கள் குறுக்குத் தெருவில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு நுண்கடன் எடுத்தோம். ஒருவருக்கு மற்ற நால்வரும் பிணை. ஒவ்வொரு கிழமையும் ஓரிடத்தில் கூடிக் கட்ட வேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் மற்ற நால்வரும் எழும்பிப் போக முடியாது, அவருடைய வீட்டு வாசலில் இருந்து வாங்க வேண்டும் என்பது விதி. கடதாசியில் நாங்கள் ஐவரும் கூட்டாளிகள். ஆனால் அந்த விதி எங்களுக்குச் சொன்ன ஒரே வேலை, ஒருவர் மற்றவரை நெருக்குவது. ஒரு கிழமை ஒருத்தியால் 1,500 ரூபா கட்ட முடியவில்லை. பிள்ளைக்கு டெங்கு, ஆசுபத்திரியில் வைத்திருந்தாள். காசு சேர்க்க வந்தவர் எங்களை அவளுடைய வாசலுக்குப் போகச் சொன்னார். விதியில் காய்ச்சலுக்கு இடமில்லை.

நாங்கள் வாசலுக்குப் போனோம். போனது காசு கேட்க அல்ல. ஒருத்தி அவளுடைய மற்றப் பிள்ளைக்குச் சோறு கொடுத்தாள். ஒருத்தி ஆசுபத்திரிக்கு மாறி நிற்கப் போனாள். காசை நாலாகப் பிரித்துப் போட்டுக் கட்டினோம். கடன் முடிந்ததும் அந்தக் கணக்கை விட்டு விட்டு ஐவரும் எங்களுக்குள் ஒரு சீட்டுப் பிடித்தோம். கிழமைக்கு 200 ரூபா. யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கிப் போடுவதில்லை. யாருக்கு அவசரம் என்று கேட்டுக் கொடுக்கிறோம். அது இன்றும் நடக்கிறது. தொகை மட்டும் விலைவாசியோடு கூடியிருக்கிறது.

இதையெல்லாம் யோசித்த பின்னர் கணினிக் கூட்டாளியோடு எனக்கிருந்த எரிச்சல் குறைந்து விட்டது. அது செய்யத் தெரியாததை அதனிடம் எதிர்பார்ப்பதால்தான் எரிச்சல் வருகிறது. இப்போது நாங்கள் வேறு மாதிரி ஆடுகிறோம். முதலில், எங்கள் ஊரை நாங்களே காக்கும்படி மதிலும் படையும் வைத்துக் கொள்கிறோம். அவன் வருவான் என்று நம்பி ஒரு வாசலையும் திறந்து விடுவதில்லை. அடுத்தது, அவன் எப்போது புறப்படுகிறான் என்று பார்த்து நாங்கள் அதற்குப் பின்னால் போகிறோம். அவன் எங்களுக்காகக் காத்திருக்க மாட்டான், ஆனால் நாங்கள் அவனுக்காகக் காத்திருக்கலாம். மூன்றாவது, பொருளை நேரத்தோடு கேட்கிறோம். வீடு எரியும்போது கேட்டால் வந்து சேராது. அவனுக்கு அடி விழும்போது கழிவு போனாலும் பரவாயில்லை என்று நாங்களும் அனுப்புகிறோம். அவன் விலகிப் போகாமல் இருந்தால் எதிரிகளில் ஒருவராவது அவனோடு மினக்கெடுவான். இப்படி ஆடத் தொடங்கிய பிறகு நாங்கள் வெல்கிற நாட்கள் கூடின.

மகன் இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வகுப்புத் தோழன் ஒருவனோடு இணையத்தில் சேர்ந்து ஆடுகிறான். அதில் தோற்பதும் அதிகம். ஆனால் மேசையில் அடிக்கும் சத்தம் இல்லை. “பொறு மச்சான், நான் வாறன்” என்று ஒருவன் கத்த, “நீ வராத, உன்ர பக்கத்தைப் பார், நான் சமாளிக்கிறன்” என்று மற்றவன் கத்துவான். உதவி கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும், பிந்தி வந்ததற்குக் காரணம் சொல்லவும் அவர்களுக்கு மொழி இருக்கிறது. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பா இல்லை. ஒருவனுக்கு ஒருவன் எதைப் பழகிக் கொடுக்கிறான் என்பதை நான் தையல் மெசினில் இருந்தபடி கேட்டுக் கொண்டிருப்பேன்.

பிள்ளைகள் இப்படியான விளையாட்டுகளை ஆடும் வீடுகளிலுள்ள தாய்மாருக்குச் சில வார்த்தைகள். விளையாட்டின் பெயரைக் கேட்டு, எந்த வயதுக்கானது என்று பாருங்கள். இணையத்தில் யாரோடு ஆடுகிறான் என்று கேளுங்கள். தெரியாதவரோடு எழுதியும் பேசியும் ஆடும் வசதி பல விளையாட்டுகளில் உண்டு, அதை நிறுத்தி வைக்கவும் முடியும். நேரத்தை முதலே பேசித் தீர்மானியுங்கள். ஒரு ஆட்டம் ஒரு மணித்தியாலம் கூடப் போகும், நடுவில் மின்குமிழை அணைப்பது போல அணைக்கச் சொன்னால் சண்டைதான் வரும். வெடிச் சத்தமோ எரிகிற வீடோ உங்களுக்குப் பழையதைக் கொண்டு வந்தால், பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். முடிந்தவர்கள் ஒருமுறையாவது பக்கத்தில் இருந்து பாருங்கள். பிள்ளை எதற்குக் கோபப்படுகிறான் என்பதைக் கவனியுங்கள். தோற்றதற்கா, தனியே விடப்பட்டதற்கா? இரண்டுக்கும் சொல்ல வேண்டிய ஆறுதல் ஒன்றல்ல.

நல்ல துணையை இயந்திரத்துக்குள் எழுதி வைக்க இத்தனை வருடங்களாகப் பெரிய பெரிய மூளைகள் பாடுபடுகின்றன. இன்னும் முழுதாக முடியவில்லை. அந்த வேலையை எங்கள் பெண்கள் ஒரு நிரலும் இல்லாமல், ஒரு குவளை தேத்தண்ணியோடும் “என்னடி, முகம் வாடியிருக்கு?” என்ற ஒரு கேள்வியோடும் செய்து வருகிறார்கள். எங்களிடம் இருக்கும் இந்தக் கெட்டித்தனத்தை நாங்கள் குறைவாக மதிக்கக் கூடாது. அதை எங்கள் பிள்ளைகளுக்கும் பழக்க வேண்டும்.